சுவிட்சை அணைத்த பிறகு கடித்த ஷவர்

"எய்யா, ஷவர் திருகத் தொட்டா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கு." மார்கழி பிறந்த நாலாம் நாள் அம்மா இப்படிச் சொன்னாள். விடிகாலை நாலரை மணிக்குக் குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து அடுப்படி வாசலில் நின்றிருந்தாள். நான் காப்பிக்குப் பால் வைத்துக்கொண்டிருந்தேன். "குளிரும்மா, விரல் விறைச்சிருக்கும்" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கத் திரும்பிவிட்டேன்.

அம்மாவுக்கு எழுபத்திரண்டு வயது. பதினெட்டு வருடமாகச் சர்க்கரை. இரண்டு பாதங்களிலும் மதமதப்பு உண்டு, சில நாள் விரல் நுனியிலும் ஊசி குத்துவது போல் இருக்கிறது என்பாள். அதனால் எறும்புக் கடி என்றதும் எங்கள் எல்லோருக்கும் முதலில் சர்க்கரை நரம்புதான் ஞாபகம் வந்தது. அந்த வாரம் மாதாந்தரப் பரிசோதனைக்குப் போனபோது டாக்டரிடமும் விரல் சுருக்சுருக்கென்கிறது என்று மட்டும் சொன்னோம். அவர் நரம்புக்கு வைட்டமின் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல முடியாது. குளியலறை, ஷவர் என்ற வார்த்தைகளே எங்கள் வாயிலிருந்து வரவில்லை.

இரண்டு நாள் கழித்து அம்மா இன்னொன்றும் சொன்னாள். "ஹீட்டர் ஓடுதப்ப ஒண்ணும் இல்ல. அணைச்சிட்டுப் போய்த் தொட்டாத்தான் சுர்ருங்கு." அது கேட்டதும் எனக்கு ஒரு நிம்மதியே வந்தது. அணைத்த பிறகு கரண்ட் எப்படி வரும், அப்படியானால் இது கரண்டே இல்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நான் பள்ளியில் கணக்கு வாத்தியார். சரியாகத் தோன்றுகிற ஒரு வாதம் கிடைத்துவிட்டால் அதோடு நின்றுவிடுகிற பழக்கம் எனக்கு உண்டு. அம்மா அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. ரப்பர் செருப்போடு குளிக்க ஆரம்பித்தாள். ஷவர் பக்கம் போகாமல், பெரிய அண்டாவில் அடுப்பிலேயே வெந்நீர் போட்டுத் தரச் சொன்னாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஷவரின் துவாரங்களில் உப்பு அடைத்திருந்ததைச் சுரண்டலாம் என்று உள்ளே போனேன். எங்கள் ஊர் பாளையங்கோட்டை. வீட்டில் போர்த் தண்ணீர்தான், ஆறு மாதத்தில் பக்கெட்டின் உள்பக்கம் வெள்ளை படிந்துவிடும். சின்ன வயதிலிருந்து சொல்லிக் கொடுத்தபடி முதலில் ஹீட்டர் சுவிட்சை அணைத்தேன். வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றுகொண்டு, வழுக்காமல் இருக்க இடது கையால் பக்கெட் குழாயைப் பிடித்துக்கொண்டேன். குளியலறையைப் புதுப்பித்தபோது எல்லாவற்றையும் பிளாஸ்டிக் குழாயாக மாற்றியிருந்தோம். அந்த ஒரு பக்கெட் குழாய் மட்டும் சுவருக்குள் போகும் பழைய இரும்புக் குழாயிலேயே இருந்தது. வலது கையை உயர்த்தி ஷவரின் பித்தளைக் கழுத்தைப் பிடித்தேன்.

எறும்புக் கடி இல்லை அது. மணிக்கட்டிலிருந்து தோள் வரை நரம்பை யாரோ சுண்டி இழுத்தது போல் இருந்தது. நெஞ்சுக்குள் ஒரு குலுக்கல். கை தானாக உதறிக்கொண்டது, பின்னால் சரிந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு நிமிடம் போல அப்படியே இருந்திருப்பேன். எழுந்து வந்து முதலில் சுவிட்சைத்தான் பார்த்தேன். அணைந்துதான் இருந்தது.

அம்மா கூடத்தில் பூ கட்டிக்கொண்டிருந்தாள். "நீ சொன்னது சரிதாம்மா" என்றேன். நாரை விட்டுவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துப் பார்த்தாள். மெயினை அணைத்துவிட்டு வயர்மேனுக்குப் போன் செய்தேன்.

வந்தவர் அறுபதைத் தாண்டிய அண்ணாச்சி. வயர்மேன் லைசன்ஸ் வைத்திருப்பவர், பேச்சு குறைவு. வந்ததும் ஸ்குரூடிரைவரை எடுக்கவில்லை. "அம்மா, எப்ப கடிக்கி? ஹீட்டர் ஓடுதப்பவா, அணைச்ச பெறகா?" என்று அம்மாவிடம் கேட்டார். அணைத்த பிறகுதான் என்று அம்மா சொன்னதும் தலையை ஆட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, அம்மா சொல்லுதது ரொம்பச் சரி. நியூட்ரல்ல சுவிட்ச் இருந்தா இப்படித்தான் வரும்." நான் பைத்தியக்காரப் பேச்சு என்று ஒதுக்கியது அவருக்குப் பழுதைக் காட்டும் துப்பாக இருந்தது.

அன்று அவர் செய்து காட்டியதையும், பிறகு நானாக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் புரிந்துகொண்டதையும் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். இதை அறியாமல்தான் இத்தனை வருடம் அந்த ஷவருக்கு அடியில் எல்லோரும் நின்றிருக்கிறோம்.

ஹீட்டருக்கு இரண்டு வயர் போகிறது: கரண்டைக் கொண்டுவரும் பேஸ், அது திரும்பிப் போகும் நியூட்ரல். நம் வீடுகளில் சாதாரணமாக இருக்கும் சுவிட்ச் இவற்றில் ஒன்றைத்தான் வெட்டும். அந்த ஒன்று பேஸாக இருக்க வேண்டும் என்பது விதி. எங்கள் வீட்டில் ஆறு வருடத்துக்கு முன் மாடி கட்டியபோது மெயின் பெட்டியை மாற்றினோம். அப்போது வேலை செய்தவர் ஹீட்டர் லைனின் இரண்டு வயர்களையும் இடம் மாற்றிப் போட்டிருக்கிறார். வயரிங் செய்த காலத்திலேயே கறுப்பு வயர் தீர்ந்துபோய் இரண்டுக்கும் சிவப்பையே இழுத்திருந்ததால் எது எது என்று அவருக்கும் தெரிந்திருக்காது. ஹீட்டர் ஓடுவதற்கு இது தடையே இல்லை. தண்ணீர் சுடும், விளக்கு எரியும், பில் வழக்கம்போல் வரும். ஆனால் சுவிட்சைத் தட்டினால் வெட்டப்படுவது நியூட்ரல். 230 வோல்ட் பேஸ் அப்படியே ஹீட்டருக்குள் போய் நிற்கும்.

அடுத்தது காயில். ஹீட்டருக்குள் சுடும் கம்பி ஓர் உலோகக் குழாய்க்குள் இருக்கும். கம்பிக்கும் குழாய்க்கும் நடுவில் மக்னீசியம் ஆக்சைடு என்ற வெள்ளைப் பொடியை இறுக்கி அடைத்திருப்பார்கள். சூட்டைக் கடத்தும், கரண்டை விடாது. உப்புத் தண்ணீரில் அந்தக் குழாயின் மேல் சுண்ணாம்பு ஏறி, சூடு வெளியே போக வழியில்லாமல் கொதித்துக் கொதித்து ஒரு நாள் குழாய் வெடிப்பு விடும். பொடிக்குள் ஈரம் இறங்கும். அதன் பிறகு கம்பிக்கும் தொட்டித் தண்ணீருக்கும் நடுவில் தடுப்பு இல்லை. எங்கள் காயிலை அண்ணாச்சி கழற்றிக் கையில் கொடுத்தபோது சுண்ணாம்பு விரல் பருமனுக்கு ஏறியிருந்தது. தட்டி உதிர்த்தார். ஒரு முனைக்குப் பக்கத்தில், வளைவுக்குச் சற்று முன்னால், மயிரிழை போல ஒரு கீறல், அதன் ஓரத்தில் பச்சை பூத்திருந்தது. ஒன்பது வருடத்தில் ஒரு தடவைகூட அதைத் திறந்து சுத்தம் செய்ததில்லை.

இப்போது அம்மா சொன்னதற்கு வருகிறேன். ஹீட்டர் ஓடும்போது காயிலின் ஒரு முனை 230 வோல்ட், மறு முனை ஏறக்குறைய பூஜ்யம். நடுவில் வோல்டேஜ் படிப்படியாக இறங்குகிறது. எங்கள் கீறல் இருந்தது நியூட்ரல் முனைக்குப் பக்கத்தில். ஆகவே ஓடும்போது அந்த இடத்தில் கொஞ்ச வோல்ட்தான், கைக்குத் தெரியாது. நியூட்ரலில் இருந்த சுவிட்சை அணைத்ததும் கரண்ட் ஓடுவது நிற்கிறது. ஓட்டம் இல்லாவிட்டால் இறக்கமும் இல்லை. காயில் முழுவதும், கீறல் உட்பட, 230 வோல்ட்டுக்கு ஏறிவிடுகிறது. அதாவது எங்கள் வீட்டில் பாதுகாப்புக்காக அணைப்பதுதான் தண்ணீரில் கரண்டை ஏற்றியது. தண்ணீர் சூடாகித் தெர்மோஸ்டாட் தானாக வெட்டும்போதும் இதே நிலைதான் வரும், அதுவும் ஒரு வயரை வெட்டுகிற சுவிட்ச்தானே.

பிறகு நாங்கள் எப்படிப் பிழைத்தோம்? ஹீட்டரிலிருந்து ஷவருக்கு வரும் குழாய் பிளாஸ்டிக், நீளம் ஒரு மீட்டர் இருக்கும். அந்தக் குழாய்க்குள் நிற்கும் தண்ணீர் ஒரு ரெசிஸ்டன்ஸ், அதாவது கரண்டை மட்டுப்படுத்தும் தடை. எங்கள் போர்த் தண்ணீரின் உப்புக்கு ஒரு மதிப்பைத் தோராயமாக எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டேன். சுமார் 28,000 ஓம் வருகிறது. 230 வோல்ட்டை அதால் வகுத்தால் 8 மில்லி ஆம்பியர். ஒரு மில்லி ஆம்பியர் போனாலே உடம்புக்குத் தெரிய ஆரம்பிக்கும். பத்தைத் தொட்டால் பலருக்குப் பிடித்த கையை விட முடியாமல் தசை இறுகிவிடும். முப்பதுக்கு மேல் கொஞ்ச நேரம் நெஞ்சு வழியாகப் போனால் இதயத் துடிப்பு தாறுமாறாகிவிடும் ஆபத்து உண்டு. அந்தக் குழாய் இரும்பாகவோ, கொஞ்சம் குட்டையாகவோ, தண்ணீர் இன்னும் உப்பாகவோ இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பேப்பரில் எழுதிப் பார்த்தேன். பாதியில் நிறுத்திவிட்டேன். அம்மா என்னைப் போலப் பக்கெட் குழாயைச் சேர்த்துப் பிடிக்கவில்லை. அதனால்தான் அவளுக்கு எறும்புக் கடியோடு நின்றது.

"எர்த் இருக்குமே அண்ணாச்சி, மூணு பின் பிளக்தானே?" என்று கேட்டேன். கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதானே எர்த். அவர் ஒரு ஹோல்டரில் நூறு வாட்ஸ் குண்டு பல்பை மாட்டி, இரண்டு வயரை வெளியே விட்டிருந்தார். டெஸ்ட் லேம்ப். அதைப் பேஸுக்கும் நியூட்ரலுக்கும் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. பேஸுக்கும் எர்த்துக்கும் வைத்தார். எரியவே இல்லை. பின்கட்டுக்குப் போய் எர்த் குழி எங்கே என்றார். எனக்கு இடமே தெரியவில்லை. அம்மாதான் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தைக் காட்டினாள். முற்றத்துக்குச் சிமெண்ட் போட்டபோது குழியையும் சேர்த்து மூடியிருந்தோம். உடைத்துப் பார்த்தால் போல்ட் துருவாகி மாவாக உதிர்ந்தது, எர்த் கம்பி அந்த இடத்திலேயே அறுந்து கிடந்தது. வீடு முழுக்க மூன்று பின் பிளக்குகள், மூன்றாவது பின் எதற்கும் இணைக்கப்படாமல் எத்தனை வருடம் இருந்ததோ தெரியாது.

இந்த இடத்தில் பல வீடுகளில் நடக்கும் ஒரு தவறைச் சொல்லிவிடுகிறேன். எர்த் வேலை செய்யவில்லை என்றால் பிளக் பாயிண்டிலேயே எர்த்தையும் நியூட்ரலையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். டெஸ்ட் லேம்ப் எரியும், வீட்டுக்காரருக்கும் திருப்தி. ஆனால் எங்காவது நியூட்ரல் அறுந்தால் ஹீட்டரின் உடம்பு முழுக்க 230 வோல்ட் வந்து நிற்கும். எர்த்தே இல்லாததைவிட இது கொடியது. யாராவது இப்படிச் செய்ய முன்வந்தால் வேண்டாம் என்று சொல்லி அனுப்பிவிடுங்கள்.

சரி, எர்த் நன்றாக இருந்திருந்தால் எம்சிபி, அதாவது கரண்ட் அளவுக்கு மேல் போனால் தானாக விழும் மெயின் பெட்டி சுவிட்ச், விழுந்திருக்குமா? நான் ஆம் என்றுதான் நினைத்திருந்தேன். கணக்கு வேறு சொல்கிறது. நம் வீட்டு எர்த் குழியின் ரெசிஸ்டன்ஸ் 20 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், கோடையில் காய்ந்துபோனால் அதற்கு மேலும் போகும். 230 வோல்ட்டை 20 ஓமால் வகுத்தால் பதினொன்றரை ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபிக்கு இது ஒரு சாதாரண லோடு, விழாது. அந்தக் கரண்ட் மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும், வீட்டு எர்த் கம்பி முழுவதும் ஏறக்குறைய 230 வோல்ட்டில் நிற்கும். எர்த்தோடு இணைந்த எல்லா உலோகமும் அதே வோல்டேஜுக்கு வரும்: பிரிட்ஜ், வாஷிங் மெஷின், கிரைண்டர். குளியலறைக் காயிலில் வந்த கீறல் அடுப்படியில் மாவாட்டுகிறவரைப் பிடிக்கும். எம்சிபி வயரைக் காப்பாற்றுவதற்கான கருவி. உடம்பு வழியாகப் போகிற கரண்ட் ஒரு ஆம்பியரில் கால் பங்குகூட வராது. அது எம்சிபியின் கணக்கிலேயே சேராது.

உடம்பைக் காப்பாற்ற இருக்கும் கருவி ஆர்சிசிபி. பேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்பதை மட்டும் அது பார்த்துக்கொண்டே இருக்கும். வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுவதற்குள் இரண்டு வயரையும் வெட்டிவிடும். கடையில் 100 மில்லி ஆம்பியர், 300 மில்லி ஆம்பியர் என்றும் இருக்கும். அவை தீ விபத்தைத் தடுக்க உதவும், ஆளைக் காப்பாற்ற 30 தான் வேண்டும், கேட்டு வாங்குங்கள்.

ஆனால் ஆர்சிசிபி மட்டும் போதும் என்று நினைத்துவிடக் கூடாது. எங்கள் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். என் உடம்பு வழியாகப் போனது தோராயமாக 8 மில்லி ஆம்பியர், ஆர்சிசிபி இருந்திருந்தாலும் அதற்கு விழுந்திருக்காது. கூடவே எர்த்தும் ஒழுங்காக இருந்திருந்தால், காயில் கீறிய அன்றே தொட்டி வழியாக எர்த்துக்குக் கரண்ட் கசிந்து, யாரும் தொடுவதற்கு முன்பே ஆர்சிசிபி வெட்டியிருக்கும். ஆர்சிசிபி மட்டும் இருந்து எர்த் இல்லையென்றால் ஆளைக் கரண்ட் பிடித்த பிறகுதான் அது வெட்டும். எர்த் மட்டும் இருந்து ஆர்சிசிபி இல்லையென்றால் மேலே சொன்ன பதினொன்றரை ஆம்பியர் கதை. இரண்டும் வேண்டும்.

மூன்றாவது, பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒரே தட்டில் வெட்டுகிற சுவிட்ச். டபுள் போல் என்பார்கள், கடையில் ஹீட்டருக்கு டிபி சுவிட்ச் என்று கேட்டால் போதும். எந்த வயர் எங்கே மாறியிருந்தாலும் இதை அணைத்துவிட்டால் ஹீட்டருக்குள் எதுவும் மிச்சம் இல்லை. எங்கள் வீட்டில் இது இருந்திருந்தால் அம்மா அணைத்தது உண்மையிலேயே அணைத்ததாக இருந்திருக்கும். 20 ஆம்பியரிலும் 32 ஆம்பியரிலும் கிடைக்கிறது. தொட்டி வைத்த 2 கிலோவாட் ஹீட்டர் 9 ஆம்பியருக்குள்தான் இழுக்கும், அதற்கு 20 போதும். தொட்டி சிறிதாக, உடனே சுடவைக்கும் வகையில் நாலரை கிலோவாட் உண்டு, அது இருபது ஆம்பியரை ஒட்டி இழுக்கும். அதற்கு 32 ஆம்பியர் சுவிட்சும் 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் போடச் சொல்கிறார் அண்ணாச்சி. 2 கிலோவாட்டுக்கு இரண்டரை சதுர மில்லிமீட்டர்.

சுவிட்ச் எங்கே இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். எங்களுடையது குளியலறைக்குள், கதவுக்குப் பக்கத்தில், ஈரக் கை எட்டுகிற இடத்தில் இருந்தது. இப்போது வெளியே, கதவு நிலைக்கு அருகில். மேலே ஹீட்டர் என்று எழுதி ஒட்டியிருக்கிறோம். சிவப்பு இண்டிகேட்டர் எரிந்தால் உள்ளே கரண்ட் இருக்கிறது என்று அர்த்தம். எரியாவிட்டால் இல்லை என்று அர்த்தமாகிவிடாது, அந்தச் சின்ன விளக்கு போயிருக்கலாம். ஹீட்டரில் கை வைக்கும் வேலை என்றால் சுவிட்சை அணைத்து, பிளக்கையும் உருவி, மெயின் பெட்டியில் அதன் எம்சிபியையும் இறக்கிவிட்டு, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான். டெஸ்டரையும் முதலில் எரிகிற பாயிண்டில் வைத்து அது நன்றாக இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் அப்படித்தான் செய்தார்.

என் தங்கை லண்டனில் இருக்கிறாள். அவளிடம் நடந்ததைச் சொன்னபோது வீடியோவில் அவள் வீட்டுக் குளியலறையின் கூரையைக் காட்டினாள். கூரையிலிருந்து ஒரு கயிறு தொங்குகிறது. இழுத்தால் கட்டைவிரல் அளவுக்கு ஒரு சிவப்புக் குறி மாறுகிறது. அங்கே பல வீடுகளில் ஷவருக்குள்ளேயே தண்ணீரைச் சுடவைப்பார்கள், அதற்குத் தொட்டி கிடையாது. எட்டரை கிலோவாட், பத்தரை கிலோவாட் என்று இருக்கும். அதாவது 37 ஆம்பியரிலிருந்து 46 ஆம்பியர் வரை, நம் வீட்டு ஹீட்டரைப் போல நாலைந்து மடங்கு. ஆகவே ஷவருக்கென்று மெயினிலிருந்து தனி லைன், இரண்டு வயரையும் வெட்டும் 45 அல்லது 50 ஆம்பியர் சுவிட்ச். ஈரக் கை சுவிட்சைத் தொடக் கூடாது என்பதற்காகத்தான் அந்தக் கயிறு. குளியலறை லைன்களுக்கு 30 மில்லி ஆம்பியர் பாதுகாப்பும் 2008 முதல் அங்கே வயரிங் விதியில் இருக்கிறது. தினமும் அணைக்கிறாயா என்று கேட்டேன். "ஆமாண்ணே, கெளம்பும்போது கயித்த ஒரு இழுப்பு இழுத்துட்டுப் போவேன்" என்றாள். அந்தக் கயிறு எனக்குப் பிடித்திருக்கிறது. அணைப்பது எளிதாகவும் கண்ணுக்குத் தெரிவதாகவும் இருந்தால்தான் மனிதர்கள் அணைப்பார்கள்.

எங்கள் வீட்டு வேலை இரண்டு நாள் நடந்தது. புதிய எர்த் குழி, இந்தத் தடவை மூடி திறக்கிற மாதிரி. ஹீட்டருக்கு மெயின் பெட்டியிலிருந்து சிவப்பு, கறுப்பு, பச்சை என்று முறையான நிறத்தில் தனி வயர். டிபி சுவிட்ச், ஆர்சிசிபி. பழைய ஹீட்டரைப் பழுது பார்க்க வேண்டாம், தொட்டியும் அரித்துவிட்டது என்று அண்ணாச்சி சொன்னதால் அதை மாற்றினோம். ஹீட்டரைத் தவிர்த்து மற்ற எல்லாவற்றுக்கும் ஆன செலவு ஒரு நல்ல போன் விலையில் பாதிகூட இல்லை.

ஆர்சிசிபி போட்ட முதல் வாரம் பெரிய தொல்லை. மாடி விளக்கைப் போட்டால் டப்பென்று வீடு முழுக்க இருட்டு. இதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. இந்தத் தொல்லை தாங்காமல்தான் பலர் ஆர்சிசிபியைக் கழற்றி நேராக இணைத்துவிடுகிறார்கள். என் மச்சினனும் அதைத்தான் சொன்னான். நான் கேட்கவில்லை. அண்ணாச்சி வந்து தேடியதில் இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் ஈபி லைனின் நியூட்ரலும் மாடியில் ஒரு ஜங்ஷன் பெட்டிக்குள் கலந்திருந்தன. ஒன்றில் போன கரண்ட் இன்னொன்று வழியாகத் திரும்பினால் ஆர்சிசிபிக்குக் கணக்கு இடிக்கத்தானே செய்யும். பிரித்துவிட்டார், அதன் பிறகு விழவில்லை. ஆர்சிசிபி அடிக்கடி விழுகிறது என்றால் வயரிங்கில் எங்கோ பிழை இருக்கிறது. அதைத் தேடிச் சரிசெய்ய ஆளை அழைக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை அதன் டெஸ்ட் பட்டனை அமுக்க வேண்டும், உடனே விழ வேண்டும். விழாவிட்டால் அன்றே மாற்ற வேண்டும். அந்தப் பட்டன் சோதிப்பது ஆர்சிசிபியை மட்டும்தான், எர்த்தை இல்லை. எர்த்துக்கு வருடம் ஒரு முறை ஆள் வந்து மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும். கோடையில் குழியில் தண்ணீர் ஊற்றும் பழக்கம் பழைய வீடுகளில் உண்டு, அது நல்ல பழக்கம். போர்த் தண்ணீர் வீடுகளில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவையாவது ஹீட்டரைத் திறந்து சுண்ணாம்பு எடுத்து, உள்ளே இருக்கும் மக்னீசியம் கம்பி கரைந்திருந்தால் புதிதாக மாட்டச் சொல்லுங்கள். தொட்டிக்குப் பதில் தன்னை அரிக்கக் கொடுக்கிற கம்பி அது.

பக்கெட்டில் போடுகிற ஹீட்டர் ராடு பற்றி ஒரே வார்த்தை: வேண்டாம். கேஸ் கீசர் வாங்கினால் கரண்ட் பயமே இல்லை என்று சிலர் யோசனை சொல்வார்கள். மூடிய குளியலறைக்குள் அது எரிந்தால் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. வெந்நீரில் குளித்துக்கொண்டே மயங்கிச் சரிய வைக்கும். மாடியில் சோலார் ஹீட்டர் வைத்திருப்பவர்கள், மழைக்காலத்துக்காக அதற்குள்ளும் ஒரு காயில் வைத்திருந்தால் நான் சொன்ன எல்லாம் அதற்கும் பொருந்தும்.

உள்ளே ஒருவர் கரண்ட் பிடித்துக் கிடக்கிறார் என்றால் ஓடிப்போய்த் தொடாதீர்கள். முதலில் மெயினை இறக்குங்கள். வீட்டில் எல்லோருக்கும், பத்து வயதுப் பிள்ளைக்கும், மெயின் எங்கே இருக்கிறது, எந்தப் பக்கம் தள்ள வேண்டும் என்று கைப்பட ஒரு தடவை செய்ய வைத்துப் பாருங்கள். உடனே மெயினை எட்ட முடியாத நிலை என்றால் காய்ந்த கட்டையோ பிளாஸ்டிக் நாற்காலியோ வைத்துத் தள்ளிவிடலாம், ஆனால் நாம் ஈரத்தில் நிற்கக் கூடாது. 108ஐ அழையுங்கள். மூச்சு இல்லையென்றால் நெஞ்சின் நடுவில் இரு கையும் வைத்து நிமிடத்துக்கு நூறு முதல் நூற்றிருபது தடவை, ஆம்புலன்ஸ் வரும்வரை விடாமல் அழுத்த வேண்டும்.

வேலை முடிந்து அண்ணாச்சி கிளம்பும்போது அம்மா அவருக்குக் காப்பி கொடுத்தாள். அவர் டம்ளரை வாங்கிக்கொண்டு, "ஒங்க வீட்டுல வேற எங்கயாது இப்படிச் சுர்ருங்குதா அம்மா?" என்று கேட்டார். அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, கிரைண்டர் முன்னால் ஒரு காலத்தில் கடிக்கும், அதற்காகத்தான் பலகை போட்டு உட்காருகிறேன் என்றாள். எனக்கு அது தெரியாது. அந்தப் பலகையை நான் பல வருடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், முழங்கால் வலிக்காக என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சி டம்ளரை வைத்துவிட்டுப் பையைத் திரும்பத் திறந்தார்.

இப்போது அம்மா ஷவரில்தான் குளிக்கிறாள். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போகிறாள். கழற்றச் சொல்லி நான் கேட்பதில்லை.